காற்றையும் அளக்க வேண்டும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அளவு என்பது நமக்குப் புதிய விஷயமன்று. நிலத்தைச் சங்கிலி கொண்டு அளந்தோம். நெல்லை மரக்கால் கொண்டு அளந்தோம். மழையை மழைமானி கொண்டு அளக்கிறோம். பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் அளந்து ஊற்றுகிறோம். அளந்த பொருளுக்கே கணக்கு உண்டு. கணக்கு உள்ள பொருளைப் பற்றியே உரிமை கேட்கவும், குறை சொல்லவும், பரிகாரம் தேடவும் நம்மால் இயலும். அளக்காத பொருளில் நஷ்டம் நேர்ந்தால் அதைத் தலைவிதி என்று சொல்லிவிட்டு அமைதி கொள்கிறோம்.

கிராமங்களில் நாம் பெரும்பாலும் அளக்காமல் விட்டுவிட்ட ஒரு பொருளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அதுதான் காற்று, குறிப்பாக, தரையோரக் காற்றில் கலந்து நிற்கும் ஓசோன் என்னும் வாயு. புகையைப் போல அது கண்ணுக்குத் தெரிவதில்லை. சாதாரணமாக நாம் காணும் அளவில் அதன் வாசனையும் மூக்குக்கு எட்டுவதில்லை. ஆயினும் அது மனிதரின் மார்பையும் பயிரின் இலையையும் ஒருங்கே தாக்கக் கூடியது.

இருவகை ஓசோன்

ஓசோன் என்றதும், வானத்தில் நம்மைக் காக்கும் குடை என்று பள்ளிப் பிள்ளைகள் கூறுவார்கள். அது உண்மையே. தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஓசோன், சூரியனின் தீய கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கிறது. நமது கோடைக்கானல் ஆராய்ச்சி நிலையத்தில் 1957-ம் ஆண்டு முதல் மேல்வானத்து ஓசோனை அளந்து வந்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அந்த ஓசோனைப் பற்றியன்று. பொருள் ஒன்றுதான், இருக்கும் இடமே வேறு. ஏரியில் நிற்கும் நீர் ஊரைக் காக்கிறது. அதே நீர் வீட்டுக்குள் புகுந்தால் நாசம் விளைக்கிறது. மேலே நின்றால் காவலன், கீழே வந்தால் பகைவன் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் இரண்டு அணுக்கள் இணைந்திருக்கின்றன. ஓசோனில் மூன்று அணுக்கள் உண்டு. அந்த மூன்றாவது அணு நிலைகொள்ளாதது. எதிர்ப்பட்ட பொருளைத் தாக்கி அரிக்கும் இயல்புடையது. சுவிட்ஸர்லாந்து நாட்டின் பாஸல் நகரில் ஷோன்பைன் என்ற விஞ்ஞானி இதைக் கண்டறிந்து 1840-ம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். கிரேக்க மொழியில் வாசனை என்று பொருள்படும் சொல்லிலிருந்து ஓசோன் என்ற பெயரையும் அவரே வைத்தார்.

முக்கியமான செய்தி ஒன்று: எந்தப் புகைபோக்கியும் ஓசோனை நேராகக் கக்குவதில்லை. அது காற்றிலேயே சமைக்கப்படுகிறது. மோட்டார் வாகனங்கள், டீசல் எஞ்சின்கள், அனல் மின் நிலையங்கள் ஆகியவை வெளியிடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஒரு சரக்கு. பெட்ரோல் ஆவி, வர்ணப் பூச்சுகளின் ஆவி, குப்பையும் வைக்கோலும் எரியும் புகையில் உள்ள கரிமச் சேர்மங்கள் ஆகியவை மற்றொரு சரக்கு. மரங்களின் இலைகளும் இத்தகைய ஆவிகளைச் சிறிது வெளியிடுவதுண்டு. இவ்விரு சரக்குகளும் காற்றில் கலந்திருக்க, வெயில் அடுப்பாக அமைகிறது. ஆகவேதான் ஓசோன் காலையில் குறைந்து, நண்பகலுக்குப் பின் உச்சம் அடைந்து, பொழுது சாய்ந்தபின் தணிகிறது. மேகமும் மழையும் உள்ள நாட்களில் அடுப்பு அவிந்துவிடுகிறது. தெளிந்த வானமும் கடும் வெயிலும் உள்ள நாட்களில் மூண்டு எரிகிறது.

தலைமடையும் கடைமடையும்

காற்று மாசு என்றால் அது பட்டணத்துச் சங்கதி, நமக்கென்ன என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஓசோனைப் பொறுத்தவரை இந்த எண்ணம் தவறானது.

வாய்க்கால் பாசனத்தில் தலைமடைக்காரருக்கு நீர் மிகுதி, கடைமடைக்காரருக்குக் குறைவு. ஓசோனில் இதற்கு நேர் மாறு. பட்டணத்துச் சாலைகளில் வாகனங்கள் புதிதாக வெளியிடும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு, அங்கேயே உள்ள ஓசோனைத் தின்றுவிடுகிறது. ஆகவே போக்குவரத்து மிகுந்த சாலையோரத்தில் ஓசோன் அளவு பெரும்பாலும் குறைந்தே காணப்படும். அந்தக் காற்று வெயிலில் காய்ந்தபடி பல மைல் தூரம் நகர்ந்து செல்லும்போது சமையல் நடந்து முடிகிறது. பரிமாறப்படுவதோ பட்டணத்துக்கு வெளியே, காற்று செல்லும் திசையில் உள்ள வயல்களில்! இரவிலும், ஓசோனைத் தின்பதற்கு அங்கே வாகனப் புகை குறைவாதலால், அது முற்றிலும் மறைவதில்லை. சரக்கு தலைமடையில், சேதம் கடைமடையில்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். பட்டணத்தின் நடுவில் நிறுத்திய கருவி ஓசோன் குறைவு என்று காட்டினால், சுற்றுப்புறக் கிராமங்களிலும் குறைவு என்று முடிவு செய்துவிடலாகாது.

லாஸ் ஏஞ்சல்ஸ் தந்த பாடம்

இந்த அறிவை உலகம் பெற்றது அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாகாணத்தில். அங்கு முதலில் சாட்சி சொன்னவற்றுள் கீரைப் பாத்திகளும் அடங்கும்.

1943-ம் ஆண்டு கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண் எரியும் மூட்டம் ஒன்று சூழ்ந்தது. யுத்த காலமாதலால், பகைவரின் விஷவாயுவோ என்று கூட மக்கள் அஞ்சினார்கள். பின்னர் நகரிலிருந்த ஒரு செயற்கை ரப்பர்ச் சரக்குத் தொழிற்சாலையின் மீது பழி விழுந்தது. அத்தொழிற்சாலையின் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். மூட்டம் நீங்கவில்லை. ஊகத்தைக் கொண்டு வழக்காடினால் இப்படித்தான் முடியும்.

1944-ம் ஆண்டில் அந்நகரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் கீரை வகைகளின் இலைகள் விசித்திரமாகக் கருகின. பயிர்நோய் அறிஞர்கள் ஆராய்ந்து, இது பூச்சியாலோ பூஞ்சணத்தாலோ வந்த நோயன்று, காற்றால் வந்த கேடு என்று அறிந்தார்கள். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஹாகன் ஸ்மிட் என்ற இரசாயன விஞ்ஞானி 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த மர்மத்தை விடுவித்தார். மோட்டார் வாகனங்களின் கழிவு வாயுவும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் கலந்து ஓசோன் முதலிய அரிக்கும் வாயுக்களாக மாறுகின்றன என்று அவர் நிரூபித்தார். அக்காலத்தில் ஓசோனை அளக்க அவரும் அவருடைய தோழரும் கையாண்ட சாதனம் மிக எளியது: வளைத்துக் கட்டிய ஒரு ரப்பர்த் துண்டு! ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும். வெடிப்பின் ஆழத்தைக் கொண்டு காற்றிலிருந்த ஓசோனின் அளவைக் கணித்தார்கள்.

1958-ம் ஆண்டில், திராட்சை இலையில் தோன்றும் ஒருவகைக் கரும்புள்ளி ஓசோனால் உண்டாவது என்று தெளிந்தார்கள். மறு ஆண்டில், புகையிலை இலையில் தோன்றும் வெண்புள்ளிக்கும் அதுவே காரணம் என்று அறிவித்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கடற்காற்று செல்லும் கிழக்குத் திசையில், சான் பெர்னார்டினோ மலையில் வளர்ந்த பைன் மரங்களின் ஊசியிலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. இதுவும் ஓசோனின் வேலையே என்று 1960-களின் தொடக்கத்தில் புலனாயிற்று. வாகனம் ஓடியது நகரத்தில். மரம் வாடியது மலையில்.

அளந்து அறிந்ததன் பயனாகவே அங்கு வாகனப் புகைக்குச் சட்டங்கள் பிறந்தன. இன்று அந்நகரின் ஓசோன் உச்சம் அந்நாளில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆயினும் அப்பிரதேசம் இன்னும் முழுமையாகத் தரத்தை எட்டிவிடவில்லை. இந்தப் பகைவன் எளிதில் பணிபவனல்லன்.

நமது நாட்டின் நஷ்டம்

நமது தேசத்திலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். புனே நகரிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் அவர்களுடன் சேர்ந்தவர்களும் 2014-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 2005-ம் ஆண்டில் மட்டும் ஓசோனால் இந்தியா இழந்த கோதுமை சுமார் 35 லட்சம் டன் என்றும், நெல்லரிசி சுமார் 21 லட்சம் டன் என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். அந்தத் தானியம் ஏறத்தாழ 9 கோடியே 40 லட்சம் மக்களுக்கு உணவாகியிருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. இது வயல்தோறும் நிறுத்து எடுத்த கணக்கன்று. காற்றின் போக்கையும் பயிரின் இயல்பையும் கொண்டு கணிப்பொறி மூலம் போட்ட மதிப்பீடு. அதில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். எனினும் அலட்சியம் செய்யத்தக்க தொகையன்று.

ஓசோன் பயிரை எவ்வாறு கெடுக்கிறது? இலையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பயிர் அவற்றின் வழியாகவே கரியமில வாயுவை உட்கொள்ளுகிறது. அதே வாயில் வழியாக ஓசோனும் நுழைந்து, உள்ளே உள்ள உயிரணுக்களின் மெல்லிய சவ்வை அரிக்கிறது. பச்சையம் குன்றுகிறது, இலை காலத்துக்கு முன்னரே முதிர்ந்து பழுக்கிறது, கதிரில் பால் ஏறும் தருணத்தில் உணவு போதாமல் மணி சிறுத்துப்போகிறது. நன்கு நீர் பாய்ச்சி உரமிட்ட பயிரில் இலைத்துளைகள் அகலத் திறந்திருக்கும். ஆகவே ஓசோனும் அதிகமாக உட்புகும். நன்றாகப் பாடுபட்டவனுடைய வயலிலேயே நஷ்டம் மிகுதல் கூடும் என்பது வருந்தத்தக்க உண்மை.

எல்லாப் பயிர்களும் ஒரே விதமாகத் துன்புறுவதில்லை. கோதுமை, சோயா, அவரை இனங்கள், புகையிலை ஆகியவை மிகவும் மென்மையானவை. உருளைக்கிழங்கும் தக்காளியும் பாதிப்புக்கு உள்ளாகும். நெல் நடுத்தரமானது, சோளம் ஓரளவு தாங்கும். ஒரே பயிரிலும் ரகத்துக்கு ரகம் வேற்றுமை உண்டு.

அளக்கும் விதம்

இப்போது அளக்கும் விதத்துக்கு வருவோம். ஷோன்பைன் காலத்தில், அயோடைடு உப்பும் மாவுக் கஞ்சியும் தோய்த்த காகிதத்தைக் காற்றில் தொங்கவிட்டு, அது நீலமாக மாறுவதைப் பார்த்தார்கள். பாரிஸ் நகரத்து மான்சூரி ஆராய்ச்சி நிலையத்தில் 1876 முதல் 1910 வரை இரசாயன முறையில் நாள்தோறும் அளந்து குறித்து வைத்தார்கள். அந்தப் பழைய ஏடுகளைப் பிற்காலத்து விஞ்ஞானிகள் எடுத்து ஆராய்ந்தபோது, அக்காலத்து ஓசோன் காற்றில் நூறு கோடியில் சுமார் 10 பங்கே இருந்தது என்று தெரிந்தது. பூமியின் வடபாதியில் பட்டணங்களுக்கு அப்பாலுள்ள தூய காற்றிலேயே இன்று அது பொதுவாக 30 முதல் 40 பங்கு வரை இருக்கிறது. அன்று ஒருவர் ஒழுங்காகக் குறித்து வைத்ததால்தான் இன்று நாம் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. குறிப்பேட்டின் அருமை இதுவே.

இன்றைய கருவி ஒளியைக் கொண்டு அளக்கிறது. பாதரச விளக்கின் புறஊதாக் கதிர் ஒரு குழாயின் வழியே செல்கிறது. ஓசோன் அக்கதிரை விழுங்கும் தன்மையுடையது. ஓசோனை நீக்கிய காற்றையும் சாதாரணக் காற்றையும் மாறி மாறி அக்குழாயில் செலுத்தி, ஒளி எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு அளவைக் கணிக்கிறது. இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காற்றை இழுக்கும் குழாய் டெஃப்லான் போன்ற, ஓசோனுடன் வினைபுரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். அழுக்குப் படிந்தால் குழாயே ஓசோனைத் தின்றுவிடும். எடைக்கல்லை அவ்வப்போது முத்திரையிட்டுச் சரிபார்ப்பது போல, கருவியையும் தர அளவுடன் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். கருவியைச் சாலையோரத்திலோ, புளியமரத்து நிழலிலோ, எஞ்சின் கொட்டகைக்குப் பக்கத்திலோ வைக்கலாகாது. அங்கெல்லாம் ஓசோன் குறைத்துக் காட்டப்படும். நாற்புறமும் திறந்த வெளியில், ஆள் உயரத்துக்கு மேலாக அதன் வாய் இருத்தல் வேண்டும். நண்பகலில் மின்சாரம் நின்று அந்த நேரத்து எண்கள் விடுபட்டால், அன்றைய கணக்கே பொய்த்துவிடும். எட்டு மணி நேரத்தில் ஆறு மணி நேரத்து எண்களாவது இல்லையேல் அந்தச் சராசரியை ஏற்பதில்லை என்று ஐரோப்பிய நாடுகளில் விதி வைத்திருக்கிறார்கள்.

தரம் என்பது என்ன?

அளந்த எண்ணை வைத்துக்கொண்டு நல்லதா கெட்டதா என்று எவ்வாறு தீர்மானிப்பது? அதற்கே தரம் வகுத்திருக்கிறார்கள். 1981-ம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழ், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தேசியக் காற்றுத் தரங்களை அறிவித்தது. அதன்படி ஒரு கன மீட்டர் காற்றில் ஓசோன், 8 மணி நேரச் சராசரியில் 100 மைக்ரோகிராமும், ஒரு மணி நேரச் சராசரியில் 180 மைக்ரோகிராமும் தாண்டலாகாது. ஆண்டில் நூற்றுக்கு 98 பங்கு நேரம் இதற்கு உட்பட்டிருக்க வேண்டும். எஞ்சிய இரண்டு பங்கில் மீறலாம். ஆனால் தொடர்ந்து இரண்டு நாட்கள் மீறலாகாது. 100 மைக்ரோகிராம் என்பது நூறு கோடியில் ஏறத்தாழ 50 பங்கு ஆகும்.

அந்த அறிவிப்பில் இன்னொரு சொல்லையும் நீங்கள் கவனிக்க வேண்டும். தொழிற்பகுதி, குடியிருப்புப் பகுதி, கிராமப்புறம், பிற பகுதிகள் என்று அத்தனைக்கும் ஒரே தரம் என அது கூறுகிறது. கிராமப்புறம் என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது. கருவியோ பெரும்பாலும் நகரங்களில் நிற்கிறது. உரிமை ஏட்டில் இருக்க, அதை நிலைநாட்டும் சாட்சி நம் ஊரில் இல்லை.

பிற நாடுகளிலும் தங்கள் பிரதேசத்துக்கென்று தரங்கள் உண்டு. அமெரிக்காவில் 1979-ம் ஆண்டில் ஒரு மணி நேர அளவாக நூறு கோடியில் 120 பங்கு என்று இருந்தது. 1997-ல் 8 மணி நேரச் சராசரியாக மாற்றி 80 என்றும், 2008-ல் 75 என்றும், 2015-ல் 70 என்றும் படிப்படியாக இறுக்கினார்கள். ஐரோப்பிய நாடுகள் 8 மணி நேரச் சராசரியாக 120 மைக்ரோகிராமைக் குறிக்கோளாகக் கொண்டன. உலக சுகாதார நிறுவனம் 2021-ம் ஆண்டில் தந்த வழிகாட்டுதலில் 100 மைக்ரோகிராம் என்றே கூறியது. மிகுந்த ஆறு மாதங்களின் சராசரி 60-ஐத் தாண்டலாகாது என்றும் சேர்த்தது. தரம் என்பது கல்லில் வெட்டிய எழுத்தன்று. அறிவு வளர வளரத் திருத்தப்படுவது.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். இவை விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். ஒரு நாள் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை, மணிக்கு ஒன்றாக எட்டு எண்கள் கிடைத்தன: 70, 90, 110, 130, 140, 130, 110, 80. மிகப் பெரியது 140. ஆகவே ஒரு மணி நேரத் தரமாகிய 180 மீறப்படவில்லை. ஆனால் எட்டையும் கூட்டினால் 860. எட்டால் வகுத்தால் 107.5. எட்டு மணி நேரத் தரம் மீறப்பட்டுவிட்டது! ஓர் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்தவர் ஏமாந்துவிடுவார்.

பயிரின் கணக்கு வேறு

இப்போது நான் சொல்லப்போவதே இன்றைய பேச்சின் சாரம். மேலே சொன்ன தரங்கள் முதன்மையாக மனிதரின் சுவாசத்தைக் கருதி வகுக்கப்பட்டவை. மனிதன் ஒரு நாள் மூச்சுத் திணறினால் மறுநாள் தெரிந்துவிடும். பயிரோ சிறு கடனை நாள்தோறும் ஏற்றிக்கொண்டு, அறுவடையில் மொத்தமாகச் செலுத்துகிறது. ஆகவே ஐரோப்பிய அறிஞர்கள் பயிருக்கெனத் தனிக் கணக்கு ஒன்றை வகுத்தார்கள். பகல் நேரத்தில் ஓசோன் 80 மைக்ரோகிராமுக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அந்த உபரியை மட்டும் மணிதோறும் குறித்து, பயிர்க் காலத்து மூன்று மாதங்களுக்கும் கூட்டிக்கொண்டே போவது அந்த முறை. வட்டிக் கணக்குப் போல என்று சொல்லலாம். அக்கூட்டுத் தொகை 18,000-ஐத் தாண்டலாகாது என்று முதற்குறிக்கோளும், 6,000-ஐத் தாண்டலாகாது என்று நீண்டகாலக் குறிக்கோளும் வைத்தார்கள். 6,000-ஐ ஒட்டிய அளவில் கோதுமை விளைச்சல் நூற்றுக்கு ஐந்து பங்கு குறையும் என்று கண்டிருக்கிறார்கள்.

ஒரு கிராமத்தில் நாள்தோறும் பகலில் எட்டு மணி நேரம் ஓசோன் 98 மைக்ரோகிராமாகவே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமது தேசியத் தரம் 100. ஆகவே ஒரு நாளும் மீறல் இல்லை. ஏட்டில் அந்தக் காற்று தூய காற்று. பயிரின் கணக்கைப் பாருங்கள். 80-க்கு மேல் உபரி 18. எட்டு மணிக்கு 144. தொண்ணூறு நாளைக்கு 12,960. கோதுமைக்கு வகுத்த எல்லையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! சட்டப்படி குற்றம் ஏதுமில்லை. களத்தில் மூட்டை மட்டும் குறைகிறது.

அந்த எல்லை ஐரோப்பியக் கோதுமைக்குக் கண்டது. நமது நெல்லுக்கும் உளுந்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் ஆசிய நாட்டுப் பயிர் ரகங்கள் அமெரிக்க ரகங்களைவிட ஓசோனுக்கு அதிகமாகத் துன்புறுகின்றன என்று 2009-ம் ஆண்டில் வெளியான ஓர் ஒப்பாய்வு காட்டியிருக்கிறது. ஆகவே நமது ரகங்களை நமது மண்ணில், நமது காற்றில் வைத்தே சோதிக்க வேண்டும். உதகமண்டலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் உருளைக்கிழங்கு ரகங்களின் மீது ஓசோனின் விளைவை ஆராய்ந்திருக்கிறார்கள். இத்தகைய சோதனைகள் சமவெளிப் பயிர்களுக்கும் பெருக வேண்டும்.

நமது கடமை

இனி, பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, அளவு கேட்பது. பெருநகருக்கும் தொழில் நகருக்கும் காற்றுப் போகும் திசையில் உள்ள கிராமங்கள் சில ஒன்றுகூடி, பயிர்க் காலத்திலேனும் தங்கள் பகுதியில் ஓசோனை அளக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பலாம். சென்னை போன்ற கடற்கரை நகரில் பிற்பகல் கடற்காற்று மேற்கே உள்நாடு நோக்கி வீசுவதை யாவரும் அறிவர். அக்காற்று எதைச் சுமந்து செல்கிறது என்பதை அங்கு அளந்தே சொல்ல வேண்டும். நிரந்தர நிலையம் செலவு மிக்கது. ஒரு பருவத்துக்கு நடமாடும் கருவியைக் கொண்டுவந்து நிறுத்துவதும், மின்சாரம் வேண்டாத சிறு உறிஞ்சிக் குப்பிகளைத் தொங்கவிட்டு வாரந்தோறும் சோதிப்பதும் செலவு குறைந்த வழிகள். கடைகளில் கிடைக்கும் மலிவான சிறு கருவிகள் பிற வாயுக்களாலும் ஈரத்தாலும் தவறாகக் காட்டக் கூடியவை. நல்ல கருவியுடன் ஒப்பிட்ட பிறகே அவற்றை நம்பலாம்.

இரண்டாவது, சராசரியுடன் திருப்தி அடையாமல், மணிவாரி எண்களைக் கேட்பது. ஆண்டுச் சராசரி என்பது பயிருக்குப் பயன்படாது. மணிவாரி எண் இருந்தால்தான் மனிதரின் கணக்கையும் பயிரின் கணக்கையும் தனித்தனியே போட முடியும்.

மூன்றாவது, இலையைப் பார்ப்பது. வெயில் மிகுந்த சில நாட்கள் சென்றபின், முதிர்ந்த இலைகளின் மேற்புறத்தில், நரம்புகளுக்கு இடையில் மட்டும், சிறு சிறு வெண்புள்ளியோ பழுப்புப் புள்ளியோ தோன்றி நரம்பு பசுமையாகவே நின்றால் ஓசோன் என்று ஐயுறலாம். ஆனால் அவசரப்படலாகாது. சிவப்புச் சிலந்தியும் இலைப்பேனும் சத்துக்குறைவும் இதை ஒத்த குறிகளைக் காட்டும். இலையின் அடிப்புறத்தைப் பூதக் கண்ணாடியால் பார்த்து, பூச்சி இல்லை என்று தெளிந்து, வேளாண்மை அலுவலரிடம் காட்டி, தேதியுடன் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். காரணம் தெரியாமல் மருந்து தெளித்துப் பணத்தை வீணாக்காமல் இருப்பதற்காவது இது உதவும். புள்ளி தோன்றாமலே விளைச்சல் குறைதலும் உண்டு. ஆகவே இலை மட்டும் போதிய சாட்சியாகாது, கருவியும் வேண்டும்.

நான்காவது, நமது பங்கைக் குறைப்பது. குப்பையையும் பழைய டயரையும் எரிப்பது, வைக்கோல் தாளைக் கொளுத்துவது, கரும்புத் தோகைக்குத் தீ வைப்பது ஆகியவை ஓசோனுக்கு வேண்டிய சரக்கை நாமே தருவதாகும். தாளை மடக்கி உழுதால் மண்ணுக்கு உரம். எரித்தால் காற்றுக்கு விஷம். ஆயினும் உங்களிடம் ஓர் உண்மையை மறைக்க மாட்டேன். ஒரு கிராமம் தன் அளவில் எவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொண்டாலும் ஓசோன் நீங்கிவிடாது. பெரும் பகுதி பட்டணத்து வாகனங்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் மின் நிலையங்களிலிருந்தும் வருவது. ஆகவேதான் தலைமடையைத் திருத்தக் கடைமடை பேச வேண்டும். பேசுவதற்குக் கையில் எண் வேண்டும்.

ஐந்தாவது, உழைப்பாளரைக் காப்பது. ஓசோன் உச்சத்தில் நிற்பது பிற்பகலில். களையெடுக்கும் பெண்களும் கதிர் அறுப்போரும் அப்போது வெளியில் நின்று, ஆழ்ந்து மூச்சு வாங்கி உழைக்கிறார்கள். இருமல், மார்பு இறுக்கம், ஆஸ்துமா மிகுதல் ஆகியவை ஓசோனின் விளைவுகள். முகத்தில் துணி கட்டிக்கொண்டால் தூசி தடைப்படும், ஓசோன் தடைப்படாது. வெயில் கடுமையான நாட்களில் கடின வேலையைக் காலையில் முடித்துக்கொள்வதும், பள்ளிகளில் பிற்பகல் விளையாட்டைத் தள்ளி வைப்பதும் செலவில்லாத பாதுகாப்புகள்.

பெரியோர்களே! நமது முன்னோர் வாய்க்காலில் கல் நட்டு, யாருக்கு எவ்வளவு நீர் என்று வரம்பு கட்டினார்கள். அந்தக் கல் இருந்ததால் கடைமடைக்காரனும் தலை நிமிர்ந்து நியாயம் கேட்டான். காற்றுக்கு வாய்க்கால் இல்லை, வரப்பு இல்லை. ஆனால் தரம் என்ற கல்லைச் சட்டம் நட்டிருக்கிறது. அந்தக் கல் நம் ஊர் எல்லையில் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு கருவியும், பார்த்ததை எழுத ஒரு குறிப்பேடும் வேண்டும். அவ்விரண்டையும் அடுத்த கிராம சபையிலேயே கேளுங்கள். மணிவாரி எண்களையும் மறவாமல் கேளுங்கள்.